அட்சய வருடத்துப் பயணி

சித்திரை ஒன்றாம் தேதி காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் கோகிலவாணியின் பேச்சு நின்றுபோனது. உடம்புக்குப் புதிதாக ஒன்றும் ஆகவில்லை. மூச்சுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது, கண்கள் திறந்திருந்தன, குழாய் வழியாகப் போக வேண்டிய கஞ்சியும் நேரத்துக்குப் போயிற்று. நின்றது அவருடைய பஸ்.

பஸ் என்றால் ரோட்டில் ஓடும் பஸ் இல்லை. ‘டபுள் விசில்’ என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. 2009-இல் கோயம்புத்தூர் பீளமேட்டில், ஒரு மாடி அறையில் நான்கு பேர் சேர்ந்து செய்தது. சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸுக்கு நீங்கள் கண்டக்டர். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். டிக்கெட் கிழிக்க வேண்டும், படியில் தொங்குகிறவர்களை உள்ளே அதட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அதை ஆசையாக வாங்கி ஆடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். படம் முழுக்க வரைந்தவர் கோகிலவாணி. புரோகிராம் முழுக்க எழுதியவர் கார்வேந்தன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு கோகிலவாணிக்கு நரம்பு நோய் கண்டது. முதலில் கையிலிருந்து தூரிகை நழுவியது, பிறகு கால் போனது, பிறகு நாக்கு தடிக்கத் தொடங்கியது. அப்போதுதான் மூளைக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு வைத்து, நினைப்பதைக் கருவிக்குக் கடத்தும் வைத்தியம் வந்திருந்தது. பழகிக்கொள்ள நான்கைந்து பொத்தான் மட்டுமே உள்ள எளிய விளையாட்டு ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடினார்கள். என்னோடதையே போடுங்க என்று குழறிச் சொன்னார் கோகிலவாணி. போட்டார்கள். மூளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. டிக்கெட்டில் ஊர்ப்பெயர் வரும் இடத்தில் வேறு எழுத்துகளையும் அடிக்கலாம் என்று ஒரு மாதத்தில் அவரே கண்டுபிடித்தார். அன்று முதல் அவர் பேச்செல்லாம் டிக்கெட்தான். ஒரு டிக்கெட்டுக்கு இருபத்து நான்கு எழுத்து.

மற்ற நோயாளிகள் புதுப்புது புரோகிராம்களுக்கு மாறிப் போய்விட்டார்கள். கோகிலவாணியை மாற்றிப் பார்த்து டாக்டர்கள் இரண்டு தடவை தோற்றார்கள். அவர் மூளையில் அந்த ஒரு பஸ் போகத்தான் வழி விழுந்திருந்தது. அது திறந்தால் அவருக்கு வாய் உண்டு, திறக்காவிட்டால் இல்லை.

அன்று காலை அது திறந்தது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு தெரிந்தது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டிய நாள்காட்டி தெரிந்தது, பிறகு திரை கறுத்தது. கருவி அதைத் தானாகவே மறுபடி திறந்தது. மறுபடி கறுத்தது. நாலு செகண்டுக்கு ஒரு தடவை இப்படியே நாள் முழுக்க நடந்தது.

காரணம் யாருக்கும் புரியாமல் இல்லை. முந்தைய நாள், பங்குனிக் கடைசியில்தான், சரவணம்பட்டிக்கு அப்பால் இருக்கும் அந்தப் பராமரிப்பு இல்லத்தில் பழைய கருவிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிய சிஸ்டம் போட்டிருந்தார்கள். போட்டவள் ஜெசிந்தா, இல்லத்தின் டெக்னீஷியன், போத்தனூர்ப் பெண், இருபத்தெட்டு வயது. பழசு புதுசில் ஓடவில்லை, இதில் என்ன புதிர் இருக்கிறது என்றார் மேலாளர். பழைய கருவிகளை அன்றைக்கே கழித்து அனுப்பிவிட்டதால் திரும்ப மாட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஜெசிந்தா மட்டும் பார்த்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நேத்து சாயந்திரம் இருபது நிமிஷம் ஓட்டிப் பாத்தனுங்க. நல்லா ஓடுச்சுங்க.”

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்ட ஒரே ஆள் கார்வேந்தன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. பெரிய கம்பெனியில் நல்ல பதவியில் இருந்து ஓய்வு பெற்று, மேட்டுப்பாளையம் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு, காலையில் நடை, சாயந்திரம் நண்பர்கள் என்று காலம் தள்ளுகிறவர். கோகிலவாணியை அக்கா என்று கூப்பிடுவார். கோகிலவாணியின் மகள் சுடர்விழி இரண்டாம் தேதி காலையில் அவரைப் போனில் பிடித்து, பழைய புரோகிராம் கையில் இருந்தால் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் மாமா என்று அழுதபோது, அவர் கண் தன்னையறியாமல் சுவரில் தொங்கிய நாள்காட்டிக்குப் போயிற்று. பிரபவ வருடம், சித்திரை 2 என்றிருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்புமுன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்தியது சிஸ்டமும் இல்லை, ஜெசிந்தாவும் இல்லை. அவர் எழுதிய ஒரு வரி.

விஷயம் இதுதான். பஸ்ஸுக்குள் ஒரு நாள்காட்டி தொங்க வேண்டும், அதில் தமிழ் வருடமும் மாதமும் தேதியும் நிஜமாக வர வேண்டும் என்று 2009-இல் கோகிலவாணி ஆசைப்பட்டார். கார்வேந்தன் எழுதிக் கொடுத்தார். எழுதியது தனக்கே பிடித்துப்போனதில், விளையாட்டின் கணக்கு முழுவதையும் அதன் மேலேயே கட்டிவிட்டார். விளையாட்டு ஒவ்வொரு நாளையும் ஒரு பக்கமாகச் சேமிக்கும். அந்த வருடம் விரோதி, அறுபது வருடங்களில் இருபத்து மூன்றாவது. அதனால் நடப்பு வருடத்தின் எண்ணிலிருந்து இருபத்து மூன்றைக் கழித்து, அதை நாளாக்கி, பக்க எண். அழகான கணக்கு. அறுபதாவது வருடமான அட்சய முடியும் வரைக்கும் அழகான கணக்கு. அது முடிந்து பிரபவ பிறந்தால் வருடத்தின் எண் திரும்ப ஒன்று. ஒன்றில் இருபத்து மூன்று போகாது. இல்லாத பக்கத்தைத் தேடி விளையாட்டு விழுந்துவிடும்.

அறுபது வருடம் சுற்றி வருமே, அப்போது என்ன ஆகும் என்று கோகிலவாணி அன்றைக்கே கேட்டார். 2047-இல் எவன்க்கா இத வெளையாடப் போறான் என்று சிரித்தார் கார்வேந்தன். அந்த வயதில் யாரும் அப்படித்தான் சிரிப்பார்கள், அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது போன வருடம் நடந்தது.

போன சித்திரையில் ஒரு சாயந்திரம், திருப்பூர் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் கையில் தட்டோடு பந்தி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, கோகிலவாணியின் கணவர் சென்னியப்பன் போனில் கூப்பிட்டார். அடுத்த சித்திரையோடு அறுபது முடிகிறது, அந்தக் கணக்கு நிற்காது, ஞாபகமாகச் சரிபண்ணச் சொல்லு என்று கோகிலா சொன்னாள் என்றார். பாத்துக்கறேன் மச்சான் என்று சொல்லி வைத்துவிட்டார் கார்வேந்தன். வரிசை நகர்ந்தது. ஆடியில் ஒரு தடவை ஞாபகம் வந்தது, இன்னும் நாள் கிடக்கிறதே என்று தோன்றியது. தையில் சென்னியப்பன் குளியலறையில் விழுந்து இறந்துபோனார். துக்கத்துக்குப் போனவர் மாலை போட்டார், சுடர்விழிக்கு ஆறுதல் சொன்னார், கோகிலவாணியின் படுக்கை அருகே ஐந்து நிமிடம் நின்றார். அங்கே அதைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது. பிறகு அடியோடு மறந்தார்.

இப்போது அந்த இல்லத்தின் கருவி அறையில் ஜெசிந்தா எதிரே நின்று, முந்தாநாள் சாயந்திரம் ஓடியது சார், நீங்களே பாருங்கள் சார் என்று கெஞ்சுகிறாள். ஓடியிருக்கும். நேற்று முன்தினம் அட்சய வருடம். ஆமாம்மா, நீ சொல்றதுதான் நெசம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கார்வேந்தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“புது சிஸ்டம்ல பழசு மக்கர் பண்றது சகஜந்தாம்மா,” என்றார்.

புரோகிராமைத் திறந்து அந்த வரியைத் திருத்தியிருக்கலாம். ஆனால் இல்லத்தில் ஒரு சட்டம் இருந்தது. நோயாளியின் புரோகிராமில் கை வைத்தால், எந்த வரி, என்ன பிழை, எழுதியவர் யார் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியிலிருந்து கருவிக்கு ஏதாவது ஏற்பாடு செய்தால் அதெல்லாம் வேண்டியதில்லை. அதனால் அவர் வெளியிலிருந்து செய்தார். விளையாட்டு இன்றைக்கு என்ன தேதி என்று கருவியைக் கேட்கும் இடத்தில் குறுக்கே ஒரு சின்ன ஏற்பாட்டை நுழைத்து, சரியாக ஒரு வருடம் முந்தைய தேதியைச் சொல்ல வைத்தார். பழைய மெஷினில் ஓடுவதாக நினைக்கும்படி அதை ஏமாற்றியிருக்கிறேன் என்று மற்றவர்களிடம் விளக்கினார். அதில் ஏமாற்று என்ற சொல் மட்டும் உண்மை.

மாலை நாலு மணிக்குப் பஸ் கிளம்பியது. அறையிலிருந்த நர்சுகள் கைதட்டினார்கள். சுடர்விழி கார்வேந்தனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுவர்த்திரையில் முதல் டிக்கெட் கிழிந்து வந்தது.

‘இடது காதில் எறும்பு’ என்றிருந்தது.

நர்சு ஓடிப்போய் விளக்கு அடித்துப் பார்த்தாள். எறும்பு உள்ளேயே செத்துக் கிடந்தது, காது சிவந்து வீங்கியிருந்தது. எப்போதிலிருந்து என்று சுடர்விழி கேட்டாள். ‘நேத்து காலைலருந்து’ என்று அடுத்த டிக்கெட் வந்தது. முப்பத்து மூன்று மணி நேரம். கார்வேந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் தேதி மேலாளர் ஒரு கூட்டம் வைத்தார். ஜெசிந்தாவும் உட்கார்ந்திருந்தாள். நிபுணர் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்கள். எதையாவது புதிதாகப் போட்டால் மறுநாளும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதைக் கழிக்க வேண்டும் என்றார் கார்வேந்தன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படிப்பட்ட வாக்கியமாகத் தேடி எடுத்துத்தான் பேசினார். ஜெசிந்தாவை விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

நான்காம் தேதி மதியம் சுடர்விழி கூப்பிட்டாள். வரச் சொன்னாள், எதற்கு என்று சொல்லவில்லை. இல்லத்தின் வாசல் மரத்தடியில் அவருக்காகக் காத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“மாமா, நேத்தும் இன்னிக்கும் காலையில அப்பா பஸ்ல ஏறினாருங்க,” என்றாள்.

கார்வேந்தனுக்கு முதலில் விளங்கவில்லை. போன் வழியாக யாரும் அந்தப் பஸ்ஸில் பயணியாக ஏறலாம். சென்னியப்பன் இருந்த வரைக்கும், பத்து வருடத்துக்கு மேலாகத் தினமும் காலை ஏழே முக்காலுக்கு, வீட்டில் இருந்தபடியே போனில் அந்தப் பஸ்ஸில் ஏறுவார். பீளமேட்டில் ஏறி லட்சுமி மில்ஸில் இறங்குவார். அந்தப் பத்து நிமிடம்தான் அவர்களுக்குக் குடித்தனம். அவர் போனில் தட்டுவது பயணியின் தலைக்கு மேல் எழுத்தாக வரும், கோகிலவாணி டிக்கெட்டில் பதில் சொல்லுவார். சாயந்திரம் நேரில் வந்து காலைப் பிடித்துவிடுவார் என்றாலும், பேச்சு என்றால் பஸ்ஸில்தான்.

அந்த மனிதர் இன்றைக்கு ஏறி, ராத்திரி கரண்டு போனதைப் பற்றியும் இட்லி மாவு பொங்கி வழிந்ததைப் பற்றியும் பேசிவிட்டு இறங்கினாராம்.

“அம்மா எனக்கு டிக்கெட் கிழிச்சுது. அப்பா வந்தாருன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அது அப்பாவா மாமா?”

இல்லை என்றார் கார்வேந்தன். பக்கங்களைப் பற்றிச் சொன்னார். விளையாட்டு ஒவ்வொரு நாளையும் ஒரு பக்கமாக வைத்திருக்கிறது. அந்தத் தேதிக்குப் பக்கம் இல்லையென்றால் புதிதாகத் திறக்கும். ஏற்கெனவே இருந்தால், அன்றைக்கு யார் யார் ஏறினார்களோ, என்னென்ன பேசினார்களோ, அப்படியே அவர்களை ஏற்றும். இப்போது ஓடுவது போன வருடத்துப் பக்கங்கள். பேசுவது போன சித்திரையில் சென்னியப்பன் தட்டிய எழுத்துகள்.

ஏன் போன வருடத்துப் பக்கம் ஓடுகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பார். அவள் வேறு கேட்டாள்.

“தையில நாந்தான் அம்மாகிட்டச் சொன்னேன், அப்பா போயிட்டாருன்னு. பதினோரு நாள் வண்டியே எடுக்கல அது. திருப்பியும் நாந்தான் சொல்லோணுமா மாமா?”

கார்வேந்தன் கருவி அறைக்குப் போனார். இந்த ஏற்பாட்டை எடுத்தால் பஸ் விழும், வரியைத் திருத்தினால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எடுக்காவிட்டால் செத்துப்போன மனிதர் நாளைக்கும் ஏறுவார், நாளை மறுநாளும் ஏறுவார், தை வரைக்கும் ஏறுவார். பக்கங்களின் பட்டியலைத் திறந்தார். நாளைய பக்கம் 13,510. அதைப் பார்த்ததும் வேறொன்று உறைத்தது. தன் போனில் பழைய அழைப்புகளைத் தேடினார். திருப்பூர்க் கல்யாண வரவேற்பு சித்திரை நாலாம் தேதி சாயந்திரம். சென்னியப்பன் பேசியது அப்போது. அப்படியானால் மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி மனைவியிடம் சொல்லியிருப்பார். அது ஐந்தாம் தேதிப் பக்கத்தில் இருக்கும். நாளைக் காலையில் சுவர்த்திரையில், சுடர்விழியும் நர்சுகளும் பார்க்க, கார்வேந்தனின் பெயர் சென்னியப்பனின் தலைக்கு மேல் வரும். தப்பை மறைக்கத் தேதியைப் பின்னுக்குத் தள்ளியதில், தன் தப்புக்கு இருந்த ஒரே சாட்சியைத் தானே உயிர்ப்பித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

பக்கத்தை அழிக்க ஒரு பொத்தான் போதும். பக்கங்கள் புரோகிராமில் சேராதவை, அதற்குப் பதிவேடும் கிடையாது. ஒரு பக்கம்தானே, அதுவும் போன வருடத்துப் பக்கம், யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் மனம் வேகவேகமாகப் பேசியது. விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவர் அதை அழுத்தியிருப்பார்.

கதவு தட்டப்பட்டது. ஜெசிந்தா, கையில் ஒரு பையும் கருவி அறைச் சாவியும். சாவியை ஒப்படைக்க வந்தாளாம். மேசையில் வைத்தாள். போகவில்லை.

“சார், உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. நான் பண்ணின தப்பு என்னன்னு சொல்லுங்க. அடுத்த எடத்துல வேலைக்குப் போனா அதப் பண்ணாம இருப்பேன்.”

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தாள். ஒரு சின்ன நோட்டைக்கூட எடுத்துப் பிரித்தாள். அவள் திட்டியிருந்தால் கார்வேந்தன் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த நோட்டைத் தாங்க முடியவில்லை. பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். அறுபது வருடக் கணக்கு, கோகிலவாணி கேட்ட கேள்வி, பந்தி வரிசையில் வந்த போன், தேதியைப் பின்னுக்குத் தள்ளியது, கூட்டத்தில் பேசியது, இப்போது அழிக்க இருந்தது வரைக்கும். ஜெசிந்தா நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள்.

“அத எழுதிக் குடுத்துருங்க சார்,” என்றாள். பிறகு, “மூணு நாளா நாந்தான் அவங்க வாயை அடைச்சுட்டேன்னு நெனச்சு நான் தூங்கலீங்க,” என்றாள்.

எழுதிக் கொடுத்தார். கையெழுத்து அவர் கையெழுத்து மாதிரியே இல்லை. மேலாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கார்வேந்தனுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை.

சுடர்விழியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவள் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். கேட்டு முடித்ததும் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த எறும்பு என்று மட்டும் சொன்னாள். எழுந்து, அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், என்னால் ஆகாது என்று உள்ளே போய்விட்டாள். போகும்போது மாமா என்று சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தார்.

ஐந்தாம் தேதி காலை ஏழே காலுக்குக் கார்வேந்தன் பஸ்ஸில் ஏறினார். கோகிலவாணியின் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு, சிங்காநல்லூரில் ஏறினார். பின்னால் சுடர்விழியும் ஜெசிந்தாவும் நின்றார்கள். தான் எழுதிய பஸ்ஸில் அவர் ஏறி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்கா வரைந்த பயணிகள் அப்படியே இருந்தார்கள். டிபன் கேரியர்க்காரர் இருந்தார், பூக்கூடைப் பெண் இருந்தாள், காந்திபுரம் வரை படியை விட்டு நகராத நாலு கல்லூரிப் பையன்களும் இருந்தார்கள்.

போனில் எழுத்து எழுத்தாகத் தட்டினார். தட்டியதெல்லாம் அவர் தலைக்கு மேல் வரிசையாக வந்தது. மச்சான் சொல்லியும் செய்யாமல் விட்டேன், அதனால்தான் நீங்கள் வாயில்லாமல் கிடந்தீர்கள், மறைக்கத் தேதியை மாற்றினேன், பஸ்ஸில் வருவது மச்சான் இல்லை அக்கா, பழைய பக்கம். கடைசி வரியைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

டிக்கெட் கிழிபடும் சத்தம் கேட்டது.

‘ஜெசி வந்துட்டாளா?’

வந்துட்டா, பின்னாலதான் நிக்கறா என்று தட்டினார். ஜெசிந்தா முன்னால் வந்து கோகிலவாணியின் கண்ணுக்கு நேராக நின்றாள். அடுத்த டிக்கெட் வந்தது.

‘காலண்டர் நான் வரைஞ்சது.’

பிறகு இன்னொன்று.

‘அட்சயன்னு போட்டிருந்துது.’

சுடர்விழி பின்னால் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. பஸ் திறந்த முதல் நிமிடத்திலேயே கோகிலவாணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வந்தவர் புருஷன் இல்லை என்றும் தெரியும், யார் என்ன செய்து வைத்திருக்கிறார் என்றும் தெரியும். அப்பா வந்தார் என்று அவர் மகளிடம் சொன்னது தெரியாமல் சொன்னது இல்லை. வந்தார், அவ்வளவுதான்.

ஏங்க்கா அன்னைக்கே சொல்லல என்று கார்வேந்தன் தட்டினார்.

பஸ் ஹோப் காலேஜ் திரும்பியதும் பதில் வந்தது.

‘நீயாச் சொல்றியான்னு பாத்தேன்.’

இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார். இரட்டை விசில் கேட்டது. அப்புறம்தான் அடுத்த டிக்கெட்.

‘அவரையும் பாத்தேன்.’

கார்வேந்தன் அழுதார். வயதான ஆண்கள் அழுவதைப் பார்க்க நன்றாக இருக்காது, சத்தமும் நன்றாக இருக்காது. யாரும் அவரைத் தேற்ற வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்பவே சரிபண்ணிடறேன்க்கா என்று தட்டினார்.

‘இந்த டிரிப் முடியட்டும்.’

பீளமேட்டில் ஒற்றை விசில். வண்டி நின்றது. சென்னியப்பன் ஏறினார். கட்டம் போட்ட சட்டை, கையில் மஞ்சப்பை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, கையிலிருந்து தூரிகை நழுவுவதற்கு முன்னால், கோகிலவாணி கடைசியாக வரைந்த படம் அது. காலி இருக்கை ஒன்றுதான் இருந்தது. அவர் வந்து கார்வேந்தனின் பக்கத்தில் உட்கார்ந்தார். சுடர்விழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழுத்து வந்தது.

‘கோகிலா, வெசனப்படாத. நேத்து சாயந்திரமே கார்வேந்தன்கிட்டப் பேசிட்டேன். பாத்துக்கறேன்னுட்டான்.’

பிறகு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். போன வருடம் அந்த இடத்தில் கோகிலவாணி ஏதோ கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கங்களில் பயணிகள் பேசியது மட்டும்தான் சேமிப்பாகும், கண்டக்டர் கேட்டது சேமிப்பில் இல்லை. இன்றைக்குக் கோகிலவாணி எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் கிழியவில்லை. ஆனாலும் பதில் நேரத்துக்கு வந்தது.

‘அதெல்லாம் மறக்க மாட்டான். அவன் நம்ம பையன்.’

வண்டி குலுங்கிக்கொண்டே போயிற்று. சென்னியப்பன் வேறு பேச்சுக்குப் போனார். தேங்காய் விலையைச் சொன்னார், மோட்டார் ரிப்பேரைச் சொன்னார், சாயந்திரம் வரும்போது எந்தச் சேலையை எடுத்துவரட்டும் என்று கேட்டார். லட்சுமி மில்ஸில் இறங்கிக்கொண்டார். கோகிலவாணி உடனே விசில் கொடுக்கவில்லை. படியில் நின்ற கல்லூரிப் பையன்கள் ரைட், ரைட் என்று கத்தினார்கள். கடைசியில் கொடுத்தார். காந்திபுரம் வந்து எல்லோரும் இறங்கியபின் ஒரு டிக்கெட் கிழிந்தது.

‘இப்பப் போடு.’

கார்வேந்தன் தன் மடிக்கணினியைத் திறந்தார். ஜெசிந்தா பதிவேட்டுடன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வருடத்தின் எண் இருபத்து மூன்றுக்குக் குறைவாக இருந்தால் அறுபதைக் கூட்டு என்று ஒரே ஒரு வரி. எழுதினார், ஜெசிந்தா வாசித்துப் பார்த்துப் பதிந்துகொண்டாள், குறுக்கே வைத்திருந்த ஏற்பாட்டை எடுத்தார்கள். திரை ஒரு தடவை கறுத்துத் திரும்பியது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு. பிரபவ வருடம், சித்திரை 5. பஸ் விழவில்லை.

சுடர்விழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டாள்.

“நாலு நிமிஷம்,” என்றார் கார்வேந்தன்.